சிறு சூரிய வெப்ப எந்திரங்கள்: மூஷோ முதல் மஆதி வரை வடிவமைப்புத் தேர்வுகளின் வரலாறு

சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் ஓரிடத்தில் குவித்து, அந்த வெப்பத்தால் நீரையோ வேறு நீர்மத்தையோ ஆவியாக்கி, அந்த ஆவியால் எந்திரத்தை இயக்கும் முறை சூரிய வெப்பக் குவிப்பு முறை எனப்படும். இன்று பாலைநிலங்களில் பல மெகாவாட் திறனுடன் இயங்கும் பெரிய மின்நிலையங்களையே இச்சொல் நினைவூட்டுகிறது. ஆனால் இம்முறை பிறந்ததும் முதல் ஐம்பது ஆண்டுகள் வளர்ந்ததும் சிறிய எந்திரங்களில்தான். வயலுக்கு நீர் இறைப்பதும், பனிக்கட்டி செய்வதும், ஒரு அச்சுப்பொறியை ஓட்டுவதுமே அவற்றின் வேலை. நிலக்கரி கிடைக்காத, அல்லது கப்பலில் வந்து இறங்கியபின் விலை ஏறிவிடும் வெப்பமண்டல நாடுகளுக்கென்றே அவை பெரும்பாலும் எண்ணப்பட்டன.

1860 முதல் 1914 வரை பிரான்சு, இந்தியா, அமெரிக்கா, எகிப்து ஆகிய நாடுகளில் இத்தகைய எந்திரங்களைச் செய்தவர்கள் எதிர்கொண்ட கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. அவர்கள் தேர்ந்த விடைகள் வேறுவேறு. எந்தத் தேர்வு நிலைத்தது, எது காற்றில் சரிந்தது, எது நன்றாக இயங்கியும் கைவிடப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வடிவமைப்பின் நான்கு கேள்விகள்

தெளிந்த வானில் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். எனவே ஒரு சதுர மீட்டர் கண்ணாடியே ஒரு குதிரைத்திறனைத் தந்துவிடும் என்று முதற்பார்வையில் தோன்றும். நடைமுறையில் அந்தக் காலத்து எந்திரங்களுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு இருபது சதுர மீட்டரைச் சுற்றிய பரப்பு தேவைப்பட்டது. இடையில் ஆற்றல் எங்கே போகிறது என்பதிலிருந்தே கேள்விகள் தொடங்குகின்றன.

முதற்கேள்வி வெப்பநிலை. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரத்திற்கும் கார்னோ வகுத்த உச்சவரம்பு உண்டு. வெளிச்சூழல் 30 பாகை செல்சியசாக இருக்கும்போது, 100 பாகையில் பெறும் வெப்பத்தில் 19 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்ற இயலாது. 200 பாகையில் இவ்வரம்பு 36 விழுக்காடாகவும், 400 பாகையில் 55 விழுக்காடாகவும் உயர்கிறது. உண்மையான எந்திரங்கள் இவ்வரம்புக்கு வெகு கீழேதான் இயங்கும். வெப்பநிலையைக் கூட்டினால் எந்திரத்தின் திறன் கூடும். ஆனால் சூடேறிய கொதிகலன் காற்றுக்கும் வானுக்கும் இழக்கும் வெப்பமும் கூடவே ஏறும். ஆகவே வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போவது எப்போதும் ஆதாயம் ஆகாது.

இரண்டாவது கேள்வி கண்ணாடியின் வடிவம். தட்டையான பெட்டி, நீண்ட தொட்டி, கூம்பு, கிண்ணம் என்ற வரிசையில் ஒளிக்குவிப்பு பெருகுகிறது. செய்யும் செலவும் துல்லியமும் அதே வரிசையில் பெருகுகின்றன.

மூன்றாவது கேள்வி சூரியனைத் தொடர்தல். தட்டையான பெட்டியைப் பருவத்திற்கு ஏற்பச் சாய்த்து வைத்தால் போதும். தொட்டியை ஓர் அச்சில் திருப்ப வேண்டும். கூம்பையும் கிண்ணத்தையும் இரண்டு அச்சுகளில் திருப்ப வேண்டும். அச்சு கூடக்கூடத் தாங்குசட்டம் உயரும், காற்றின் மோதலும் மிகும்.

நான்காவது கேள்வி, வெயில் இல்லாத நேரத்திற்கு என்ன செய்வது என்பது. வெப்பத்தைச் சேமிக்க வேண்டும், அல்லது வெயிலில் மட்டும் செய்தால் போதும் என்ற ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூஷோவின் கூம்பு

பிரெஞ்சுக் கணித ஆசிரியர் ஒகுஸ்தென் மூஷோ (1825–1912) 1860இல் தம் ஆய்வுகளைத் தொடங்கினார். ஐரோப்பாவின் தொழில்கள் ஒருநாள் நிலக்கரி தீர்ந்து நிற்கும் என்ற கவலையே அவரைத் தூண்டியது. 1869இல் சூரிய வெப்பமும் அதன் தொழிற்பயன்களும் பற்றிய நூலை வெளியிட்டார்.

மூஷோ தேர்ந்த வடிவம் நுனி வெட்டப்பட்ட கூம்பு. வெள்ளிப்பூச்சிட்ட செப்புத் தகடுகளை வளைத்து அதைச் செய்தார். இத்தேர்வில் நுட்பமான ஒரு காரணம் உண்டு. கிண்ண வடிவம் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தப் புள்ளியில் கொதிகலனை வைப்பது கடினம். 45 பாகைச் சாய்வுள்ள கூம்போ ஒளியைத் தன் நடு அச்சின் நெடுகிலும் வரியாகக் குவிக்கும். எனவே அச்சில் நீண்ட உருளைக் கொதிகலனை நிறுத்தினால் அது முழுவதும் சூடேறும். மேலும், கூம்பைத் தட்டையான தகட்டை வளைத்தே செய்துவிடலாம். கொதிகலனைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூடு கவிழ்க்கப்பட்டது. ஒளியை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியேறாமல் தடுப்பது அதன் வேலை.

1878இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் மூஷோ தம் பெரிய எந்திரத்தை நிறுத்தினார். அதன் வெப்பத்தால் குளிரூட்டும் கருவி ஒன்றை இயக்கிப் பனிக்கட்டி செய்து காட்டியது பார்வையாளர்களை வியக்க வைத்தது. அவருக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர் 1882 ஆகஸ்டில் பாரிசின் துய்லெரி தோட்டத்தில் சூரிய எந்திரத்தால் அச்சுப்பொறியை ஓட்டி, 'சூரிய இதழ்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு தாளை அச்சிட்டார்.

இவ்வளவு புகழுக்குப் பின்னும் அரசு ஆதரவு தொடரவில்லை. வெள்ளிப்பூச்சு வெளிக்காற்றில் கறுத்துவிடும். அடிக்கடி துலக்க வேண்டும். கூம்பு முழுவதும் வெயிலின் போக்கில் திரும்ப வேண்டும். இதற்கிடையே பிரான்சில் நிலக்கரி வரத்து சீராகி விலை இறங்கியது. அரசு நடத்திய சோதனைகள், எந்திரம் இயங்குகிறது, ஆனால் கட்டுப்படியாகாது என்ற முடிவைத் தந்தன. பின்னால் வந்த பல சூரிய எந்திரங்களுக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்தது.

பம்பாயில் ஆடம்ஸ்

மூஷோ பாரிசில் பதக்கம் பெற்ற அதே 1878இல் பம்பாயில் ஒரு நூல் வெளிவந்தது. வெப்பமண்டல நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்றாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது அதன் பொருள். ஆசிரியர் வில்லியம் ஆடம்ஸ், பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராகப் பணியாற்றிய ஆங்கிலேயர். இந்தியாவில் விறகு அருகி வருவதும், நிலக்கரி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியிருப்பதும் அவர் கண்முன் இருந்த சிக்கல்கள்.

ஆடம்ஸ் மூஷோவின் நூலைப் படித்தவர். ஆனால் வெள்ளிபூசிய உலோகக் கூம்பு வெப்பமண்டலத்திற்கு ஒத்துவராது என்று கருதினார். விலை மிகுதி, விரைவில் கறுக்கும், பெரிதாக்குவதும் கடினம். மாற்றாகச் சாதாரணத் தட்டைக் கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 17 அங்குலம் நீளமும் 10 அங்குலம் அகலமும் கொண்ட பல கண்ணாடிகளைச் சட்டங்களில் பொருத்தி, கொதிகலனைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தினார். ஒவ்வொரு கண்ணாடியும் தன்மேல் விழும் ஒளியைக் கொதிகலன் மீது வீசும். சூரியன் நகர நகர, ஓர் ஆள் அந்தச் சட்டத்தைத் தண்டவாளத்தின் மீது தள்ளி நகர்த்துவார். கொதிகலன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த ஏற்பாட்டால் அவர் 2.5 குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்றைப் பம்பாயில் இயக்கிக் காட்டினார். சூரிய அடுப்பு ஒன்றும் செய்து, குளிர்காலமான சனவரியிலேயே ஏழு பேருக்கான உணவை இரண்டு மணி நேரத்தில் சமைக்க முடிந்தது என்று பதிவு செய்தார்.

அவர் தேர்வில் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. ஒன்று, உள்ளூரில் கிடைக்கும் மலிவான பொருளைக் கொண்டு, உடைந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி அமைப்பது. மற்றொன்று, கனமான கொதிகலனை நிலைநிறுத்திவிட்டு இலேசான கண்ணாடிகளை மட்டும் நகர்த்துவது. இன்று நடுக்கோபுரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கண்ணாடிகளை நிறுத்தும் சூரியக் கோபுர நிலையங்களின் அடிப்படை இதுவே.

எரிக்சனின் தொட்டியும் ஏனியாசின் பெருங்கூம்பும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற 'மானிட்டர்' இரும்புக் கப்பலை வடிவமைத்த சுவீடன் நாட்டவர் ஜான் எரிக்சன், தம் முதுமையில் சூரிய எந்திரங்களில் இறங்கினார். 1880களில் அவர் பரவளைய வடிவத் தொட்டியைத் தேர்ந்தார். ஏறத்தாழ 11 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட தொட்டியின் உட்புறம் சன்னல் கண்ணாடித் துண்டுகளால் ஆனது. வெள்ளிப்பூச்சைக் கண்ணாடியின் அடிப்பக்கம் இட்டதால், காற்று படாமல் அது கறுக்காது இருந்தது. மூஷோவைத் தொல்லைப்படுத்திய சிக்கல் இப்படி எளிதில் தீர்ந்தது. எனினும், வெப்பம் இலவசமாகக் கிடைத்தாலும் அதைக் குவிக்கும் கருவியின் செலவால் சூரிய நீராவி நிலக்கரி நீராவியைவிடப் பலமடங்கு விலை பெறுகிறது என்று எரிக்சனே ஒப்புக்கொண்டார். 1889இல் அவர் இறந்ததுடன் அப்பணி நின்றது.

அடுத்து வந்த ஆப்ரி ஏனியாஸ் முதலில் எரிக்சனின் தொட்டியைச் சோதித்துப் பார்த்தார். வேண்டிய வெப்பநிலை கிடைக்கவில்லை என்று கண்டு மூஷோவின் கூம்புக்குத் திரும்பினார். 1901இல் கலிபோர்னியாவின் பசதேனா பகுதியில், மக்கள் காட்சிக்காக வரும் ஒரு தீக்கோழிப் பண்ணையில் தம் எந்திரத்தை நிறுவினார். 33 அடிக்கும் மேற்பட்ட விட்டமுள்ள கூம்பில் 1,788 கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருந்தன. அது நிமிடத்திற்கு 1,400 காலன் நீரை இறைத்தது.

பண்ணையில் கூட்டம் கூடியது, விற்பனைதான் நிலைக்கவில்லை. அரிசோனாவில் 1903இல் விற்கப்பட்ட ஓர் எந்திரம் சில நாள்களிலேயே காற்றில் தாங்குசட்டம் தளர்ந்து சரிந்தது. 1904இல் நிறுவப்பட்ட மற்றொன்றை ஆலங்கட்டி மழை நொறுக்கியது. இரண்டு அச்சுகளில் திரும்பவேண்டிய பெருங்கூம்பு உயர்ந்த சட்டத்தின் மேல் நின்றாக வேண்டும். உச்ச வெப்பநிலையைத் தேடிய தேர்வு, காற்றை எதிர்த்து நிற்கும் வலிமையை விலையாகக் கேட்டது. சிறு பண்ணையார் ஒருவரால் அந்த விலையைத் தர முடியவில்லை.

தாழ்வெப்ப வழி

வேறு சிலர் கண்ணாடிக் குவிப்பையே கைவிட்டனர். குளிர்பதனத் தொழில்நுட்பத்தின் முன்னோடியான பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் தெல்லியே, 1885இல் பாரிசின் ஒத்தேய் பகுதியில் தம் பட்டறைக் கூரையில் தட்டையான உலோகச் சேகரிப்பான்களைப் பதித்தார். அவற்றுக்குள் நீருக்குப் பதில் அமோனியா ஓடியது. குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் நீர்மம் என்பதால், குவிக்காத வெயிலே நீர் இறைக்கும் கருவியை ஓட்டப் போதுமானதாயிற்று.

அமெரிக்காவில் வில்சி, பாயில் என்ற இரு பொறியாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இவ்வழியை மேலும் நகர்த்தினர். கண்ணாடி மூடிய ஆழமற்ற தொட்டிகளில் நீரைச் சுடவைத்து, அந்த வெந்நீரால் கந்தக டைஆக்சைடை ஆவியாக்கினர். கலிபோர்னியாவின் நீடில்ஸ் என்ற ஊரில் அவர்கள் நிறுவிய நிலையத்தில், பகலில் சேர்த்த வெந்நீரைக் காப்பிட்ட தொட்டியில் வைத்திருந்து, சூரியன் மறைந்த பின்னும் எந்திரத்தை ஓட்டினர். நான்காவது கேள்விக்கு வெப்பச் சேமிப்பால் கிடைத்த தெளிவான முதல் விடை இது.

இதற்கும் குறை உண்டு. தாழ்ந்த வெப்பநிலையில் எந்திரத்தின் திறன் மிகக் குறைவு. அதனால் சேகரிக்கும் பரப்பு பெருகுகிறது. கந்தக டைஆக்சைடு நச்சு வாயு. கசிவில்லாத குழாய்களும் தேர்ந்த ஆளும் வேண்டும்.

ஷூமன்: டகோனியிலிருந்து எகிப்துக்கு

இரு வழிகளின் நன்மை தீமைகளையும் எடைபோட்டு நடுவழி கண்டவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிராங்க் ஷூமன் (1862–1918). கம்பிவலை பதித்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் பொருள் ஈட்டியவர் அவர். தொழிலதிபர் என்ற முறையில் அவர் கேட்ட கேள்வி, எது அதிகம் சூடாகும் என்பதன்று. ஒரு குதிரைத்திறனுக்கு எது குறைந்த செலவாகும் என்பதே.

1907இல் டகோனி என்ற இடத்தில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கரிய குழாய்களை வைத்து, அவற்றில் ஈதரை ஆவியாக்கி ஒரு சிறு எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பின்னர் ஈதரை விட்டு நீருக்கு மாறினார். நீர் எங்கும் கிடைக்கும், தீப்பற்றாது, நச்சில்லை. ஆனால் வெப்பப்பெட்டியில் உண்டாகும் நீராவி அழுத்தம் குறைந்தது. சாதாரண எந்திரம் அதில் ஓடாது. எனவே வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய நீராவியில் இயங்கும் தனி எந்திரத்தை உருவாக்கச் செய்தார். வெப்பநிலையை எந்திரத்திற்கு ஏற்ப உயர்த்துவதற்கு மாறாக, எந்திரத்தையே தாழ்ந்த வெப்பநிலைக்கு இறக்கியது அவருடைய முதன்மையான முடிவு.

1911இல் டகோனியில் 10,000 சதுர அடிக்கும் மேற்பட்ட பரப்பில் பெரிய நிலையம் அமைந்தது. ஒவ்வொரு வெப்பப்பெட்டியின் இருபுறமும் ஒரு தட்டைக் கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டு, ஒளி இருமடங்காக்கப்பட்டது. அந்நிலையம் நிமிடத்திற்கு 3,000 காலன் நீரை 33 அடி உயரத்திற்கு ஏற்றியது. இதைக் காட்டி இலண்டனில் முதலீட்டாளர்களைச் சேர்த்த ஷூமன், ஆண்டு முழுவதும் வெயில் காயும் எகிப்தைத் தேர்ந்தார். அங்கே நைல் நீரைப் பருத்தி வயல்களுக்கு ஏற்ற வேண்டும். நிலக்கரியோ கடல் கடந்து வந்தது. வெயில் அடிக்கும்போதே நீரும் வேண்டும். இறைத்த நீர் வாய்க்காலில் ஓடி வயலில் நின்றுவிடும். பாசனத்தைத் தேர்ந்ததாலேயே இரவு பற்றிய நான்காவது கேள்வியின் கடுமை பெரிதும் குறைந்தது.

மஆதி நிலையம்

கெய்ரோவுக்குத் தெற்கே நைலின் கரையில் உள்ள மஆதியில் நிலையம் 1912–13இல் கட்டப்பட்டது. ஆலோசனைப் பொறியாளர் ஆக்கர்மன். முதலீட்டாளர்கள் கேட்டுக்கொண்டபடி திட்டத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ், வெப்பப்பெட்டிக்குப் பதில் பரவளையத் தொட்டியைப் பயன்படுத்தலாம் என்றார். பெட்டியில் கொதிகலனின் மேற்புறம் மட்டுமே வெயில் பெறும். தொட்டியின் நடுவே கொதிகலனைத் தொங்கவிட்டால் இருபக்கமும் ஒளி படும். வெப்ப இழப்பும் குறையும். ஷூமன் இதை ஏற்றுக்கொண்டார்.

நிலையத்தின் முதன்மை அளவுகள்:

- தொட்டிகள்: 5
- ஒவ்வொன்றின் நீளம்: ஏறத்தாழ 62 மீட்டர்; வாயகலம்: ஏறத்தாழ 4 மீட்டர்
- மொத்தச் சேகரிப்புப் பரப்பு: 13,269 சதுர அடி (ஏறத்தாழ 1,233 சதுர மீட்டர்)
- கிடக்கை: வடக்கு–தெற்கு அச்சு, காலை கிழக்கு நோக்கியும் மாலை மேற்கு நோக்கியும் தானே திரும்பும் அமைப்பு
- ஒளிக்குவிப்பு: நான்கரை மடங்கு அளவு
- அளந்தறிந்த உச்சத்திறன்: ஏறத்தாழ 55 குதிரைத்திறன்
- நீர் இறைப்பு: நிமிடத்திற்கு 22,000 லிட்டருக்கும் மேல்

இவ்வெண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் வடிவமைப்பின் போக்கு புரியும். 55 குதிரைத்திறன் என்பது 41 கிலோவாட். அதை 1,233 சதுர மீட்டரால் வகுத்தால், சதுர மீட்டருக்கு 33 வாட் வருகிறது. விழுந்த வெயிலில் நூற்றில் மூன்று நான்கு பங்கே எந்திரத்தின் தண்டில் வேலையாயிற்று என்று கொள்ளலாம். குவிப்பும் நான்கரை மடங்குதான்; மூஷோவின் கூம்போடு ஒப்பிட இது மிகச் சிறிது. ஆனால் குவிப்பு குறைவாக இருந்ததால் கண்ணாடியின் வளைவு மிகத் துல்லியமாக அமைய வேண்டியதில்லை. சூரியனைத் தொடர்வதில் சிறு பிழை நேர்ந்தாலும் ஒளி கொதிகலனை விட்டு விலகாது. ஓரச்சுத் தொட்டி தரையை ஒட்டி நின்றதால் ஏனியாசின் கூம்பைச் சரித்த காற்றுக்கு அதை அசைப்பது எளிதன்று. ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழாதபடி தொட்டிகள் இடைவெளி விட்டு நிறுத்தப்பட்டன. பாலைநிலத்தில் இடத்திற்குப் பஞ்சமில்லை, பஞ்சம் எரிபொருளுக்குத்தான்.

தவறு இல்லாமலும் இல்லை. முதலில் கொதிகலன்கள் செலவைக் குறைக்கத் துத்தநாகத்தால் செய்யப்பட்டன. தாழ்வெப்ப நிலையம் என்பதால் அது போதும் என்று எண்ணினர். 1912இல் சோதனை ஓட்டத்தில் எகிப்திய வெயிலின்கீழ் அவை இளகித் தொய்ந்து கெட்டுப்போயின. அவற்றை வார்ப்பிரும்பில் மாற்ற ஓராண்டு கழிந்தது. மலிவைத் தேடுவதிலும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த ஓராண்டு கற்பித்தது.

1913 சூலையில் நிலையம் பலர்முன் இயக்கிக் காட்டப்பட்டது. எகிப்தில் பிரித்தானியப் பேரரசின் உச்ச அதிகாரியாக இருந்த கிச்சனர் பிரபு இதில் ஆர்வம் கொண்டு, சூடானில் பருத்திப் பயிருக்காக ஒரு பெரிய நிலையம் அமைக்க நிலம் தர முன்வந்தார். செருமானிய நாடாளுமன்றமும் தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளை எண்ணி நிதி ஒதுக்கியது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். மஆதியில் ஏறிய நீர் எகிப்திய உழவரின் நிலத்தில் பாய்ந்தாலும், முடிவுகள் அவர் கையில் இல்லை. பேரரசுகளின் பருத்தித் தேவையும் இலண்டன் முதலீடும்தான் திட்டத்தைத் தாங்கின. அந்தத் தாங்கல் விலகியபோது திட்டம் தனித்து நிற்க இயலவில்லை.

ஏன் நின்றது?

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. பொறியாளர்கள் தம் நாடு திரும்பினர். ஷூமன் 1918இல் காலமானார். மஆதியின் தொட்டிகள் உலோகத்திற்காகப் பிரித்தெடுக்கப்பட்டன. செருமனி தன் குடியேற்ற நாடுகளை இழந்தது. அது ஒதுக்கிய நிதிக்கும் பொருளற்றுப் போயிற்று.

போர்தான் சூரிய எந்திரத்தைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மையே. 1908இல் பாரசீகத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. போருக்குப் பின் எண்ணெய் எங்கும் எளிதாகக் கிடைத்தது; உள்ளெரி எந்திரங்கள் மலிந்தன. ஓர் எண்ணெய் எந்திரத்தை வண்டியில் ஏற்றி எந்த வயலுக்கும் கொண்டுபோகலாம். சூரிய நிலையத்திற்கோ பல ஆண்டு எரிபொருளின் விலையை முதல் நாளே கண்ணாடியாகவும் இரும்பாகவும் வாங்கிவைக்க வேண்டும். மஆதியின் கணக்கு விலையேறிய நிலக்கரியோடு போட்டியிடப் போடப்பட்டது. மலிந்த எண்ணெய் வந்தபோது அது செல்லாமல் போயிற்று. கண்ணாடியும் கொதிகலனும் தோற்கவில்லை. அவை எதை எதிர்த்து நிறுத்தப்பட்டனவோ அது மாறிவிட்டது.

பின்வந்த சிறு நிலையங்கள்

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கேள்விகள் திரும்பின. இசுரேலில் ஹாரி தாபோரும் லூசியன் பிரோனிட்ஸ்கியும் சில கிலோவாட் திறனுள்ள சிறு சூரிய எந்திரத்தை உருவாக்கி, 1961இல் ரோமில் நடந்த புதிய ஆற்றல் மூலங்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாட்டில் முன்வைத்தனர். கண்ணாடிக்குப் பதில் காற்றடைத்த நெகிழித்தாள் உருளைகள் ஒளியைக் குவித்தன. நீருக்குப் பதில் கனமான கரிம நீர்மம் சிறு சுழலியை ஓட்டியது. சிறிய நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழன்றும் திறன் குறைந்தே இருக்கும். கனமான கரிம ஆவியில் அச்சுழலி மெதுவாகச் சுழன்று நன்கு உழைக்கும். தெல்லியேயின் அமோனியாவும் ஷூமனின் ஈதரும் தொட்ட வழி, இப்போது கரிம ரேங்கின் சுழற்சி என்ற பெயரில் முறையான தொழில்நுட்பமாயிற்று.

1973இன் எண்ணெய் நெருக்கடி பல சோதனை நிலையங்களைப் பிறப்பித்தது. அரிசோனாவின் கூலிட்ஜில் 1979இல் ஒரு பண்ணையின் பாசனத்திற்காக 150 கிலோவாட் நிலையம் நிறுவப்பட்டது. பரவளையத் தொட்டியும், தொலுயீன் என்ற கரிம நீர்மத்தால் ஓடும் சுழலியும் அதில் இணைந்தன. 1984 முதல் கலிபோர்னியாவின் மொகாவி பாலையில் கட்டப்பட்ட பெரிய நிலையங்கள் மொத்தம் 354 மெகாவாட்டை எட்டின. வடக்கு–தெற்காகக் கிடந்து கிழக்கிலிருந்து மேற்கே திரும்பும் அவற்றின் நீண்ட தொட்டிகள், மஆதித் தொட்டிகளின் நேர் வாரிசுகள்.

ஆனால் சிறு அளவில் மின்சாரம் எடுக்கும் களத்தை ஒளிமின் தகடுகள் கைப்பற்றின. அவற்றில் கொதிகலன் இல்லை, அசையும் உறுப்பு இல்லை, ஆவி கசிவதும் இல்லை. விலை பன்மடங்கு இறங்கியதும், சில கிலோவாட் நீரிறைப்புக்குச் சுழலியையும் கண்ணாடியையும் பராமரிக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. எண்ணெய் எந்திரம் மஆதிக்குச் செய்ததைச் சோலார் பேனல் அதன் வாரிசுகளுக்குச் செய்தது.

வெப்பமே வேண்டிய இடங்களில் நிலைமை வேறு. இந்தியாவில் வோல்ப்காங் ஷெஃப்லர் வடிவமைத்த கிண்ணக் கண்ணாடிகள் பெருஞ்சமையற்கூடங்களுக்கு நீராவி தருகின்றன. இக்கண்ணாடி சூரியனைத் தொடர்ந்து திரும்பினாலும் அதன் குவியம் ஓரிடத்திலேயே நிற்கும். எனவே கொதிகலனை நகர்த்த வேண்டியதில்லை. ஆடம்ஸ் பம்பாயில் கண்ட அதே நன்மை. திருமலையில் 2002இல் இத்தகைய 106 கிண்ணங்கள் கொண்ட சமையல் அமைப்பு நிறுவப்பட்டது. இராசத்தானின் அபு ரோடில் தலா 60 சதுர மீட்டர் அளவுள்ள 770 கிண்ணங்களால் ஒரு மெகாவாட் வெப்ப மின்நிலையம் அமைந்துள்ளது. அதன் குவியங்களில் உள்ள வார்ப்பிரும்புத் தொகுதிகள் வெப்பத்தைச் சேமித்து, வெயில் மறைந்த பின்னும் நீராவி தருகின்றன. துத்தநாகம் இளகிய மஆதியைக் காத்த வார்ப்பிரும்பு, இங்கே இரவுக்கான சேமிப்பாகப் பயன்படுகிறது.

மதிப்பீடு

இவ்வரலாற்றிலிருந்து சிறு நிலைய வடிவமைப்புக்குச் சில பொதுவான முடிவுகளைப் பெறலாம். பெரிய நிலையத்தில் உயர்ந்த வெப்பநிலைக்காகச் செலவிடும் பணத்தை மிகுந்த உற்பத்தி ஈடுசெய்யும். சிறு நிலையத்தில் கண்ணாடியைத் துடைப்பவரும், சட்டத்தைத் திருப்புபவரும், கசிவை அடைப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. அவரால் கையாள முடியாத துல்லியம் சில மாதங்களில் வீணாகும். மூஷோவின் கறுத்த வெள்ளியும், ஏனியாசின் சரிந்த சட்டமும் இதற்குச் சான்றுகள். ஆடம்சின் தனித்தனிக் கண்ணாடித் துண்டுகளும், ஷூமனின் தாழ்அழுத்த எந்திரமும், மிகக் குறைந்த குவிப்பும் இதைப் புரிந்துகொண்டு செய்த தேர்வுகள்.

வேலையைத் தேர்வதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. பாசனத்தைத் தேர்ந்ததால் ஷூமனுக்கு இரவு பெருஞ்சிக்கலாகவில்லை. சமையலைத் தேர்ந்ததால் இன்றைய கிண்ணங்களுக்குச் சுழலியே தேவையில்லை. வெப்பத்தை வேலையாக மாற்றுகையில் நேரும் பேரிழப்பும் இல்லை.

மூஷோவை நிலக்கரியும், ஷூமனை எண்ணெயும், தாபோரின் வழிவந்தவர்களை ஒளிமின் தகடும் முந்தின. மூன்று முறையும் அந்தந்த எந்திரம் செய்யச் சொன்னதைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆகவே புதிதாக ஒரு சிறு சூரிய வெப்ப அமைப்பைத் திட்டமிடுபவர் நான்கு கேள்விகளோடு ஐந்தாவது ஒன்றையும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும்: இன்று இதற்குப் போட்டியாக உள்ள எரிபொருளோ கருவியோ பத்து ஆண்டுகளில் என்ன விலைக்குக் கிடைக்கும்? மஆதியின் கணக்கில் விடுபட்ட வரி அது ஒன்றுதான்.